பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

என்னைக் கட்சியை விட்டு யாரும் நீக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். நீக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. நகராட்சி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாலாடைக்கட்டி அடுக்கிச் சுடுகிற கிபனிட்சா இரண்டு தட்டு கொண்டுவரச் சொன்னார்கள்.

"ஸாகோ, செவ்வாக்கிழமை கூட்டத்துக்கு உன் கையால ரெண்டு தட்டு கொண்டாந்துடு. நீ வைக்கிற பாலாடைக்கட்டியே தனி ருசின்னு எல்லாரும் உசுர வாங்கறாங்க" என்றான் விதோயே. அவன் எங்கள் ஊர் நகராட்சித் தலைவன். பதினேழு வருடங்களுக்கு முன்னால் வெறும் மாட்டு வைத்தியன், அவன் முகத்துக்கு ஒரு கதவு திறக்காது. நான்தான் அவனை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனேன். தபால் ஆபீஸ் கவுன்டரில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். மொராவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் யார் வீட்டு முன்கதவைத் தட்ட வேண்டும், யார் வீட்டுப் பின்கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றையிலிருந்து நான்தான் எங்கள் பகுதிக் கிளைக்குத் தலைவி.

விடியற்காலையிலேயே எழுந்து மாவு விரித்தேன். தட்டுகளைத் துணியில் மூடிக்கொண்டு போனால், விதோயேவுக்கு வலது பக்கத்தில் என் நாற்காலியில் ரெல்யா உட்கார்ந்திருந்தான். முப்பத்தொரு வயது. பெல்கிரேடில் என்னவோ படித்துவிட்டு, கணுக்கால் தெரிகிற கால்சட்டையோடு திரும்பி வந்தவன்.

"வாங்க அத்தை, ஜன்னல் பக்கம் உக்காருங்க, நல்லாக் காத்து வரும்" என்றான்.

மார்ச் மாதக் குளிர்காற்றில் எனக்கு என்ன வேண்டியிருக்கிறது! உட்கார்ந்தேன். கவுன்சிலர் வேட்பாளர் பட்டியலை வாசித்தார்கள். மொத்தம் முப்பத்தைந்து இடம். எப்படி அடித்துப் பிடித்தாலும் பட்டியலில் முதல் இருபத்திரண்டு பேர்தான் உள்ளே போவார்கள். முதல் ஐந்துக்குள் நான் என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் விதோயே நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தான். ஐந்து போனது. பத்து போனது. இருபத்திரண்டும் போனது. முப்பத்து மூன்றாவதாக என் பெயர் வந்தது. எனக்குக் கீழே இரண்டே பேர். அதில் ஒருத்திக்குத் தன் பெயர் பட்டியலில் இருப்பதே தெரியாது. கிளைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ள இனிமேல் ரெல்யா என்று விதோயே சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

ரெல்யா மூன்று துண்டு தின்றுவிட்டு வாயைத் துடைத்தான். "சூப்பர் அத்தை! உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்."

வீட்டுக்கு வந்து காலித் தட்டுகளைத் தொட்டியில் போட்டேன். என் கணவர் போரா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எத்தனாவது?"

"முப்பத்து மூணு."

"தட்டாவது திரும்ப வந்துச்சே" என்றார்.

இதில் என்னை அதிகமாக எரித்தது இடம்கூட இல்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு என் நோட்டை அவர்களிடம் கொடுத்திருந்தேன். அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

எங்கள் கட்சியில் ஒவ்வொரு கிளைத் தலைவரும் ‘உறுதி ஓட்டு’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். நம் ஆட்கள், நமக்குத்தான் போடுவார்கள் என்று பெயர் பெயராக எழுதித் தர வேண்டும். தேர்தலன்று மதியம்வரை ஓட்டுப்போட வராதவர்களைப் போனில் கூப்பிட்டு வரவழைப்பார்கள். மற்றவர்கள் பெயரையும் நம்பரையும் கிறுக்கித் தருவார்கள். நான் அப்படி இல்லை. இருநூற்றுப் பதினான்கு பெயர்; ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்கு முழங்கால் வலி, யார் மகன் ஆஸ்திரியாவில், யார் மதியம் தூங்குவார்கள் என்று எழுதியிருப்பேன். முதலில் உடம்பை விசாரி, அப்புறம் ஓட்டைக் கேள். போன் பண்ணுகிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அந்த இருநூற்றுப் பதினான்கில் இருபத்து மூன்று பெயர்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். பேனா முனை பட்டதுபோல. அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் நமக்கு ஓட்டுப்போட மாட்டார்கள், செத்தாலும் போட மாட்டார்கள் என்று அர்த்தம். பிறகு ஏன் எழுதினேன்? எழுதாவிட்டால் அவர்கள் வேலை போய்விடும். நகராட்சிச் சம்பளம் வாங்குகிற யார் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையோ, அவர்களைப் பற்றி விசாரிப்பார்கள். அதனால் எழுதிவிட்டு, புள்ளி வைத்து, அவர்களை மட்டும் நானே போன் பண்ணிக்கொள்வதாகச் சொல்லிவிடுவேன். பண்ண மாட்டேன்.

முதல் புள்ளி தேசாவுக்கு வைத்தது. எதிர் வீட்டுக்காரி. எங்கள் மாடியில் அவள் கதவும் என் கதவும் நேருக்கு நேர். நகராட்சி மழலையர் பள்ளியில் சமையல்காரி. நிரந்தர வேலை இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒப்பந்தம் எழுதுவார்கள். ஒன்பது வருடமாக அப்படியே ஓடுகிறது. புருஷன் இல்லை, பெண் நீஷ் நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். அந்த அடுப்பு அணைந்தால் அந்தப் பெண்ணின் படிப்பும் அன்றோடு முடிந்தது.

"உங்க ஆளுங்களுக்கு நான் போடமாட்டேன்டி. கைய வெட்டினாலும் போடமாட்டேன். எம் புருஷன் வேல பாத்த ஃபாக்டரிய வித்துத் தின்னவனுங்க" என்றாள் முதல் தேர்தலில்.

"உன்ன யாரு போடச் சொன்னா? யாருக்கு வேணா குத்திட்டு வா. எவனாவது கேட்டா, ஸாகோ எம் பேர எழுதியிருக்கான்னு மட்டும் சொல்லு."

அன்றிலிருந்து மூன்று மணிக் காபி எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவாள். ஒருநாள் அவள் வீட்டில், ஒருநாள் என் வீட்டில். அவள் வீட்டு நாள் என்றால் கூடவே சீமைமாதுளை இனிப்பு ஒரு கரண்டி, ஒரு தம்ளர் தண்ணீர். அவள் கட்சியைத் திட்டுவாள், நான் அவள் கொடுக்கிற இனிப்பைத் தின்றுகொண்டே கட்சிக்கு வக்காலத்து வாங்குவேன். ஒன்பது வருடமாக இதே கூத்து.

நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று விதோயே கேட்டபோது, யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தேன். அதன் கனத்தைப் பார்த்தாவது என்னை முதல் ஐந்தில் வைப்பான் என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு மூன்று வாரம் என் போன் அடிக்கவே இல்லை. தேர்தல் நேரத்தில்! முந்தைய தேர்தல்களில் நான் கக்கூசுக்குப் போனாலும் போனோடுதான் போவேன். இப்போது நான் தெரு வழியாக நடந்தால், எங்கள் ஆட்கள் துண்டுச்சீட்டு கொடுக்கிற மேஜைக்குப் பின்னாலிருந்து "என்ன அத்தை, நல்லாருக்கீங்களா?" என்று எனக்கும் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். எனக்கு!

"போன் செத்துப்போச்சா, இல்ல உனக்கே காரியம் பண்ணிட்டாங்களா?" என்றார் போரா.

"வாய மூடிட்டுக் கட்டத்த நிரப்பு."

ராத்திரி அழுதேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு நாற்காலிக்காக அழுவது அசிங்கம்தான். ஆனால் அழுகை வந்தது.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரெல்யா கூப்பிட்டான். "அத்தை, உங்க நோட்டு ஒரு பொக்கிஷம்! ஆனா நீங்க இல்லாம எங்களுக்கு அதுல ஒண்ணும் புரியல. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? கார் அனுப்பறேன்."

காரே வந்தது. நான் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டேன், ஈஸ்டருக்கு வைத்திருந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். நகராட்சி மாடி ஏறியதும் விதோயே எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தன் வலது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். என் நாற்காலி! தங்க விளிம்பு போட்ட கோப்பையில் காபி வந்தது. அதிகாரிகள் வந்தால் மட்டும் எடுக்கிற கோப்பை. ஒவ்வொரு பெயராக நான் சொல்லச் சொல்ல ரெல்யா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தான். நடுநடுவே "எப்படி அத்தை இதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்பான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தப் புள்ளி என்ன அத்தை? தேசான்னு ஒரு பேரு. இங்கயும் ஒண்ணு இருக்கு. இங்கயும்."

மை சிந்தியது என்று சொல்லியிருக்கலாம். பேனா சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருந்தாலே போதும். எனக்கு அது அத்தனையும் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. கோப்பையை எடுத்து ஒரு வாய் காபி குடித்தேன்.

அப்போது விதோயே சிரித்துக்கொண்டு சொன்னான்: "ஸாகோவுக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு கோழி முட்ட போடாது, ரெல்யா. அவ சும்மா ஒரு புள்ளி வைக்கமாட்டா. பதினேழு வருஷமா நான் ஜெயிக்கறது இவ மூளையிலதான்."

பதினேழு வருடத்தில் அதை அவன் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இவர்கள் நம் ஆட்கள் மாதிரிதான் தெரிவார்கள், ஆனால் இல்லை. இவர்களை நம்பிக் கணக்குப் போட்டால் தோற்போம். அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் நான் சொல்கிற எண்ணிக்கை துல்லியமாக இருக்கும். என் சாமர்த்தியத்தைக் காட்டத்தான் சொன்னேன். இருபத்து மூன்று பெயரையும் சொன்னேன்.

"உன்ன மாதிரி ஒருத்தி உண்டா!" என்று விதோயே மேஜையைத் தட்டினான். ரெல்யா சிரிக்கவில்லை. பெயர்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது கார் இல்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நடந்தே வந்தேன். மாடிப்படியில் தேசா நின்றிருந்தாள், கையில் மூடிபோட்ட ஜாடி.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? மூணு மணியிலேருந்து காபி ஆறிப்போய்க் கிடக்கு. இந்தா, குடமிளகாத் தொக்கு, கடைசி ஜாடி, உனக்குன்னுதான் வச்சிருந்தேன். என்ன, உதட்டுச் சாயமெல்லாம்? எவன் கூட ஓடப்போற?"

ஜாடியை வாங்கினேன். அப்போதுதான், அந்தப் படியில்தான், நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

ரெல்யாவைக் கூப்பிட்டேன். "தம்பி, அந்தப் புள்ளியெல்லாம் அழிச்சிடு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"ஐயோ அத்தை, எதுக்குப் பதறுறீங்க? எல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், நாங்க பாத்துக்கறோம்."

விதோயேவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நேரே போனேன். கீழே வரவேற்பில் ஒரு பெண், "உங்க பேரு?" என்று கேட்டாள். அந்த வரவேற்பு மேஜைக்குத் துணி தைத்துக் கொடுத்தது நான். தலைவர் வெளியூர் என்றாள். அவன் குரல் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை தேசா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"தலைமை ஆசிரியை கூப்பிட்டுப் பேசினா. மாசக் கடைசியில ஒப்பந்தம் முடியுதில்ல? ஞாயித்துக்கிழம ஓட்டுச்சீட்டப் படம் எடுத்துட்டு வரணுமாம். உங்க கட்சிக்குக் குத்தின படம். அப்புறம்தான் கையெழுத்து. எல்லாரையும் கேக்கல ஸாகோ. எங்க பள்ளிக்கூடத்துல என்னையும் தோட்டக்காரரையும் மட்டும்தான்."

தோட்டக்காரரும் என் புள்ளிதான்.

"எப்படிடி என்னத் தேடிப் புடிச்சாங்க? ஒம்பது வருஷமா யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ போய் விதோயேகிட்ட ஒரு வார்த்த சொல்லு. உம் பேரச் சொன்னா அவன் கேப்பான்."

"சொல்றேன்" என்றேன். எவனிடம் சொல்வது? ஆனாலும் "சொல்றேன்டி" என்று இரண்டாம் தரமும் சொன்னேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போரா குறுக்கெழுத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கிண்டல் பண்ணவில்லை. கிண்டல் பண்ணியிருக்கலாம்.

"அவகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. வேற எவனாவது சொல்றதுக்குள்ள" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, அவள் வீட்டு முறை. நீளப்பிடி வைத்த காபிச் சட்டியான ஜெஸ்வாவில் காபி பொங்கி வந்ததும் இறக்கி, இரண்டு கோப்பையில் நுரையைப் பங்கிட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். நோட்டு, புள்ளி, என் நாற்காலி, எல்லாம். அவள் ஜெஸ்வாவைக் கீழே வைக்கவில்லை.

"உனக்கு என்ன கொடுத்தாங்க?"

"ஒண்ணும் கொடுக்கல தேசா. சத்தியமா ஒண்ணும் இல்ல."

"சும்மாவா சொன்ன? கவுன்சிலர் ஆக்கறேன்னு சொன்னானா?"

"இல்ல."

"பின்ன?"

"உக்கார வச்சாங்க. காபி கொடுத்தாங்க."

அவள் சிரித்தாள். நான் என்ன வேண்டுமானாலும் எதிர்பார்த்தேன், ஜெஸ்வாவை மூஞ்சியில் விட்டெறிவாள் என்றுகூட எதிர்பார்த்தேன், சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

"காபியா?" என்றாள். "காபி நான் தெனம் கொடுத்தேனேடி."

இனிப்பு ஜாடியை மூடி அலமாரியில் வைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் வீட்டு மணி அடித்தது. தேசா. சர்ச்சுக்குப் போகிற உடுப்பு, தலை வாரியிருந்தாள். உள்ளே வரவில்லை. கைபேசியை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். ஓட்டுச்சீட்டுப் படம். எங்கள் கட்சியின் எண்ணைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம்; அது கோணலாகப் போயிருந்தது.

"நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. பாத்துச் சொல்லு, செல்லுமா? கோணலா இருக்குன்னு தள்ளிட மாட்டாங்களே?"

"செல்லும்" என்றேன்.

"சரி."

அவ்வளவுதான். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கதவுக்குள் போய்விட்டாள். ஒன்பது வருடம் அவள் கையை வெட்டவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையும் அன்றோடு போயிற்று.

நான் ஓட்டுப்போடப் போகவில்லை. கோட்டை எடுத்தேன், மாட்டினேன், கழற்றினேன். மதியம் பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. பத்து நாளாக அடிக்காத போன். விதோயேதான், நான் வராததைப் பார்த்துவிட்டான், பயந்துவிட்டான் என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் பாய்ந்துதான் எடுத்தேன்.

ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற குரல்.

"வணக்கம் அத்தை! உடம்பு எப்படியிருக்கு? இடது முழங்கால் வலி குறைஞ்சிருக்கா?"

முதலில் உடம்பை விசாரி, அப்புறம் ஓட்டைக் கேள். யாரோ என் முழங்காலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

"குறைஞ்சிருக்கும்மா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க இன்னும் ஓட்டுப்போட வரலைன்னு இங்க இருக்கு. வந்துடுவீங்கல்ல? அப்புறம் அத்தை, குத்தினதும் ஓட்டுச்சீட்ட ஒரு படம் எடுத்து, நாங்க அனுப்பற நம்பருக்கு—"

"எல்லாரையும் படம் கேக்கறீங்களாம்மா?"

"இல்ல அத்தை. சில பேர மட்டும்தான்."

"எம் பேருக்கு முன்னால புள்ளி இருக்கா? பாத்துச் சொல்லு."

காகிதம் புரட்டுகிற சத்தம். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"இருக்கு அத்தை. ஏன், அதுக்கு என்ன அர்த்தம்?"

போனை வைத்துவிட்டேன். பதினேழு வருடம்! மாட்டுச் சாணி ஒட்டிய பூட்ஸோடு வந்தவனை மனுஷனாக்கினேன், எனக்கே புள்ளியா! சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்ல எனக்கு ஒருத்திதான் உண்டு. மூன்று மணிவரை பொறுத்தேன். மூன்றடித்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, எதிர்க் கதவைத் தட்டினேன்.

சங்கிலியை எடுக்காமல் விரலிடைக்குத் திறந்தாள்.

"தேசா, எனக்கும் புள்ளி வச்சுட்டாங்கடி! என்கிட்டயே படம் கேக்கறானுங்க. உன்ன மாதிரியே என்னையும்..."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கவுன்டருக்கு வெளியே நிற்கிறவர்களை நான் இருபத்தெட்டு வருடம் எப்படிப் பார்த்தேனோ, அப்படிப் பார்த்தாள்.

"உனக்கு மாசாமாசம் பென்ஷன் வந்துடும் ஸாகோ. நீ போடாட்டியும் வரும்" என்றாள். "போ. போய் உன் காபியக் குடி."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. நான் வீட்டுக்குள் வந்தேன். தண்ணீர் கொதித்துவிட்டிருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அளந்து வைத்திருக்கிறேன்.